மகப்பேறு நிதி வாங்கித் தர ஆள் பிடிக்க வேண்டுமா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒருவர் இந்த நிதியை வாங்கித் தர 2,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

பணம் தாயின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும். அதனால் தரகருக்கு இதில் வேலையே இல்லை. ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதில் வேலை செய்பவர் வீட்டில் வருமானம் நின்றுவிடும். அப்போது வட்டிக்குக் கொடுத்தவர் அந்த வீட்டுக் கர்ப்பிணியின் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டால், தவணை வந்த அன்றே அவரே எடுத்துவிடுவார். கடல்பாசி எடுக்கப் போகும் கர்ப்பிணிக்கு முட்டையும் பாலும் வாங்க வந்த காசு அது. கார்டை யாரிடமும், கணவரின் கடனுக்காகக்கூட, கொடுக்காதீர்கள்.

"சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, தவணை வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது சுகாதார உதவி எண் 104.