கடினமான பாரிலிருந்து தொடங்குவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆசிரியையிடம் பத்து மாதங்களாக பியானோ கற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும் என்று, பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ பாடத்தை நான்தான் கேட்டுத் தொடங்கச் செய்தேன். முதல் எட்டு பார்களை (தாளக் கட்டங்களை) அழகாக வாசிக்கிறாள். அதற்கு மேல் நகரவில்லை. இப்போது வாத்தியத்தின் முன் உட்காரவே மறுக்கிறாள். வேறு எதைக் கொடுக்கலாம்?

– ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளிடம் குறை எதுவும் இல்லை. அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் வலக்கை விட்ட இடத்தில் இடக்கை எடுத்துக்கொள்வதால் சின்ன விரல்களுக்கும் அது இணங்கிவிடுகிறது. நடுப்பகுதியிலோ மிக விரைவான சுரங்கள் ஓடுகின்றன. பின்னால் இடக்கை ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, வலக்கை கனத்த கார்டுகளை, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் பல சுரங்களை, பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்து மாதப் பயிற்சிக்கு அது எட்டாது.

புதுச்சேரியில் என் வீட்டுக்குக் கற்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதல் வரியைப் பார்ப்பதில்லை. உள்ளதிலேயே கடினமான பாரைத் தேடி, இந்தக் குழந்தையின் கை அதை இரண்டு வாரத்தில், நிதானமான காலத்தில் வாசித்துவிடுமா என்றுதான் பார்க்கிறேன். பாட்டு வாத்தியார்களுக்கு இது புதிதல்ல. சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகளை முடித்த பிள்ளைக்கு மலஹரி ராகத்தில் புரந்தரதாசரின் கீதத்தைத் தொடங்குவார்களே தவிர, தியாகராஜரின் பஞ்சரத்னத்தில் நான்கு வரியை வெட்டிக் கொடுக்க மாட்டார்கள். கீதம் சிறியதுதான், ஆனால் குழந்தை அதை முழுவதுமாகப் பாடி முடிக்கிறது.

பியானோவிலும் அப்படிப்பட்டவை உண்டு. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மைக்ரோகாஸ்மோஸ்’ தொகுப்பின் 153 பாடங்களில் முதல் ஆறைப் பாருங்கள். ஐந்து விரல்களும் ஐந்து கட்டைகளின் மேல் இருந்த இடத்திலேயே இருக்க, இரு கைகளும் ஒரே மெட்டை வாசிக்கின்றன. முதலிரு பாகங்களை அவர் தன் மகன் பீட்டருக்கு அர்ப்பணித்தார். அந்த மெட்டுகள் பெற்றோரின் காதுக்குச் சற்று விநோதமாகப் படலாம். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் 1848இல் தன் பெண்களை மனத்தில் வைத்து எழுதிய ‘இளையோர் தொகுப்’பின் முதல் பாடமான ‘மெலடி’ அடுத்துக் கொடுக்கத் தக்கது. தலைப்பை நம்பி அந்த 43 பாடங்களையும் வரிசையாக எடுத்துவிட வேண்டாம். பின்பகுதியில் உள்ள பல, நாலைந்து வருடம் கற்றவர்களுக்கே சவாலானவை.

ஜி மேஜர் மினுயெட் என்ற சிறு நடன மெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இசையமைப்பாளர் பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் இருப்பதால் நெடுங்காலம் பாக் எழுதியதாகவே கருதப்பட்டது. உண்மையில் அது கிறிஸ்டியன் பெட்சோல்டுடையது. மொத்தம் 32 பார்கள்தான். ஆயினும் முதல் பாரிலேயே இடக்கை ஒரு கார்டைப் பிடிக்க வேண்டும். உங்கள் மகளின் வயதே உள்ள ஒரு சிறுமிக்கு அந்த இடத்தில் சுண்டுவிரலின் நுனி மூட்டு ஒவ்வொரு முறையும் உள்ளே மடிந்தது. அதை நிமிர்த்த முயன்றால் தோள் உயர்ந்தது. மினுயெட்டை மூடி வைத்துவிட்டு ஐந்து விரல் பாடங்களுக்குத் திரும்பினோம். நான்கு மாதம் கழித்து அவளே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விரல் அப்போது மடியவில்லை.

கால் தரைக்கு எட்டாத வயதில், காலால் மிதிக்கும் பெடல் தேவைப்படும் பாடங்கள் வேண்டாம்.

இவற்றை ஆசிரியையிடம் காட்டி, மூன்று பாடங்களை அவர் வாசித்துக் காட்டட்டும். எதைக் கற்பது என்பதை உங்கள் மகளே சொல்லட்டும். ‘ஃபூர் எலீஸி’ன் எட்டு பார்களை அவளாக விரும்பி வாசித்தால் தடுக்காதீர்கள். விருந்தினர் முன்னால் மட்டும் அதைக் கேட்காதீர்கள்.