நெல்லிக்காய், கடுக்காய்க் கஷாயம் காய்ச்ச எந்தப் பாத்திரம் நல்லது?

"நெல்லிக்காய், கடுக்காய் போட்டுத் தினமும் கஷாயம் வைக்கிறேன், வீட்டில் அலுமினியப் பாத்திரம்தான் இருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். புளிப்பு அதைக் கரைத்துவிடும். அரை மணி நேரம் கொதிக்கும்போது உலோகம் கஷாயத்தில் இறங்கும். இண்டாலியமும் அலுமினியக் கலவைதான். அப்படிச் சில பாத்திரங்களிலிருந்து காரீயம் (lead) என்ற நச்சு உலோகம் உணவில் கலக்கலாம் என்று 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இரும்புச் சட்டியில் வைத்தால் கஷாயம் மை போலக் கறுத்துப்போகும். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் எழுத மை செய்ததே இப்படித்தான்.

செம்பு, பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். அந்த ஈயம் வெள்ளீயம் (tin), காரீயம் அல்ல. இந்த வித்தியாசத்தைப் பூசுபவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பூச்சு தேய்ந்திருந்தால் அதில் புளிப்பு எதையும் கொதிக்க வைக்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? 304 என்ற தர எண் கொண்ட எவர்சில்வர் போதும். அடி கனமாக இருக்கட்டும். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும் மிக நல்லது. பூச்சில்லாத மண்சட்டியும் உதவும். பளபளக்கும் மெருகு பூசியதில் காரீயம் இருக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பேன். அப்புறம், காய்ச்சியதும் வடிகட்டிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிவிடுங்கள், பாத்திரத்திலேயே இரவு முழுக்க விடாதீர்கள்.