டெங்குவில் தட்டணுக்கள் மிகவும் குறையாதபோதும் மூளை பாதிக்கப்படுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. டெங்கு காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. தட்டணுக்கள் (பிளேட்லெட்) 92,000 இருந்ததால் பயமில்லை என்று வீட்டிலேயே வைத்திருந்தோம். மறுநாள் பேச்சு குழறியது, எங்களையே அடையாளம் தெரியவில்லை. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் தேறி வருகிறான். ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: அவர் தேறி வருவது பெரிய ஆறுதல். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தட்டணு எண்ணிக்கைதான் டெங்குவின் அளவுகோல் என்று ஊரே நம்புகிறது. தினமும் அந்த எண்ணை மட்டும் சொல்லி, மருத்துவர்களாகிய நாங்களும் அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டோம்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால்தான் வருகிறது. காய்ச்சல் தணியும் வேளையில், பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், கசிவு தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ரத்தம் கெட்டியாகி, ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவு ஏறும். காய்ச்சல் விட்டதும் நாம் நிம்மதியாகத் தூங்கப்போகிறோம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது அன்றைக்குத்தான்.

தம்பிக்கு வந்தது அதைவிட அரிதானது. வைரஸே மூளையில் அழற்சியை உண்டாக்கலாம். கல்லீரல் செயலிழப்பு, ரத்தத்தில் சோடியம் குறைவு, மூளைக்குள் ரத்தக்கசிவு ஆகியவையும் இதே குழப்பத்தைத் தரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால்தான் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை என்று பார்ப்பார்கள். தட்டணு எண்ணிக்கையை மட்டும் வைத்து இவை எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதயத் தசை அழற்சியும் அப்படித்தான். இன்னும் அரிதாக, நோய் எதிர்ப்பு அணுக்கள் நம் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். ஒரு வாரம் கடந்தும் காய்ச்சல் விடாமல், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்பைச் சேமிக்கும் புரதத்தின் அளவு பல ஆயிரங்களாக உயர்ந்தால் அந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

தம்பி வீடு திரும்பிய பிறகும் நினைவாற்றல், நடை, தூக்கம் ஆகியவற்றைக் கவனித்து நரம்பியல் மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு; வேறொரு வகை மீண்டும் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே இனி அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்காமல், முதல் நாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்று இந்த முறை நடந்ததைச் சொல்லுங்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்வு, அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அன்றைய தட்டணு எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.