ரேஸ் டிராக்கில் ஓட்டிய பிறகு கார் போடும் சத்தம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

"ஒரு மாதிரி சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தை வாயால் போட்டுப் பாருங்கள். 'ஊம்ம்' என்றா, 'டக் டக்' என்றா, 'கறகற' என்றா, எது வருகிறதோ அதையே எழுதுங்கள். கூடவே மூன்று விஷயம் வேண்டும்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் என்ன ஆகிறது. மூடிய காருக்குள் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதைக் காது அடிக்கடி தப்பாகச் சொல்லும். எப்போது மாறுகிறது என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: காலையில் டிராக்குக்குப் போகும்போது கார் சத்தமே இல்லாமல் போனது. மாலையில் திரும்பும்போது சரளை மேல் ஓடுவதுபோல் இரைச்சல், ஸ்டீயரிங்கிலும் அதிர்வு. டயர் அவ்வளவுதானா?

பயப்படாதீர்கள். பெரும்பாலும் அந்த இரைச்சல் அடுத்தவர்களுடைய டயரிலிருந்து வந்தது. வளைவுகளின் வெளிப்பக்கத்தில் எல்லாக் கார்களும் உதிர்த்த ரப்பர் துணுக்குகள் குவிந்து கிடக்கும். கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஓட்டி வரும்போது, சூடேறிய டயர் அவற்றை ஒட்டி எடுத்துக்கொள்ளும். ஆறியதும் அவை கட்டி கட்டியாக இறுகிவிடும். கையால் தடவினாலே தெரியும். சாதாரண சாலையில் கொஞ்ச தூரம் ஓடினால் தேய்ந்துபோகும். பொறுமை இல்லையென்றால் டயர் இளஞ்சூடாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சுரண்டும்போதே டயரின் பக்கச் சுவரையும் பார்த்துவிடுங்கள். வெட்டு, வீக்கம், உள்நூல் வெளியே தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்த டயரில் ஓட்டாதீர்கள். ரப்பர் போன பிறகும் 80, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிரேக் சூட்டில் பசை இளகி, சக்கரம் ஆடாமல் சுற்ற ஒட்டிவைத்த பேலன்ஸ் எடை விழுந்திருக்கலாம். அது இருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு பசைத் தடம் மட்டும் நிற்கும்.

கேள்வி: 60 கி.மீ.க்கு மேல் 'ஊம்ம்ம்' என்று ஓர் உறுமல். வேகம் கூடக் கூட அதுவும் ஏறுகிறது. ஒரு மெக்கானிக் வீல் பேரிங் என்கிறார், இன்னொருவர் டயர் என்கிறார். யார் சொல்வது சரி?

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சக்கரம் எளிதாகச் சுற்ற அதன் நடுவே இருக்கும் பேரிங்கும் டயரும் ஏறக்குறைய ஒரே குரலில் உறுமும்.

முதலில், காலியான நேர்ச்சாலையில் அந்த வேகத்துக்குப் போய், நியூட்ரலில் போட்டு உருள விடுங்கள். இன்ஜின் சுழற்சி இறங்கியும் உறுமல் அப்படியே இருந்தால் இன்ஜினை மறந்துவிடலாம். பிறகு அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் ஏறும். அப்போது உறுமல் கூடி, வலப்பக்கம் திரும்பும்போது அடங்கினால், முதல் சந்தேகம் வலப்பக்கப் பேரிங் மேல். எதிர்மாறாக இருந்தால் இடப்பக்கம். சாலையையும் கவனியுங்கள். சொரசொரப்பிலிருந்து வழவழப்பான தாருக்கு மாறியதும் சத்தத்தின் குணமே மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே சுருதியில் நின்றால் பேரிங்.

அடுத்தது உள்ளங்கை. காரை நிறுத்தி, டயர் ஆறியதும் அதன் மேல் முன்னிருந்து பின்னாக ஒரு முறை, பின்னிருந்து முன்னாக ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகக் கையைப் பிடித்தால் டயர் ஒருசாய்வாகத் தேய்ந்திருக்கிறது. குறுக்காகவும் அப்படியே தடவுங்கள். டிராக்கின் ஓரத் திட்டான கர்ப் மேல் ஏறி இறங்கியதில் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருந்தால் குறுக்கே இந்த ரம்பம் வரும். உறுதி செய்ய, நான்கும் ஒரே அளவு டயர் என்றால் முன்னவற்றைப் பின்னாலும் பின்னவற்றை முன்னாலும் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் சந்தேகமே இல்லை.

ஒரு முறை என்னிடம் வந்த காரில் முன் ஹப் (பேரிங்கோடு சேர்ந்த சக்கர மையம்) இரண்டையும் மாற்றியிருந்தார்கள், உறுமல் போகவில்லை. பின் டயரைத் தடவினேன், உள் ஓரம் முழுக்க ரம்பம். டயர்களை இடம் மாற்றி ஓட்டினோம். உறுமல் முன்னால் வந்துவிட்டது. கழற்றிய பழைய ஹப் டிக்கியில் கிடந்தது. எடுத்துக் கையால் சுற்றினேன், பட்டு மாதிரி சுற்றியது. டயரைத் தடவிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால்தான் இன்றும் அதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

பேரிங்தான் என்று பட்டால், காரை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இல்லை, பேரிங் நல்லது" என்று முடிவு கட்டாதீர்கள். துளிகூட ஆட்டம் இல்லாமல் உறுமும் பேரிங்குகள் நிறைய.

பிடிமானம் அதிகமுள்ள டயர், நீண்ட வளைவுகள், பிரேக் சூட்டில் இளகும் கிரீஸ், போதாக்குறைக்கு சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் வீல் ஸ்பேசர், எல்லாம் சேர்ந்தால் பேரிங்கின் ஆயுள் குறையத்தான் செய்யும். மாற்றும்போது இரண்டு விஷயம். ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) காந்த வளையம் உள்ள பேரிங்கைத் தலைகீழாக அழுத்திவிட்டால் சென்சார் வேலை செய்யாது. சக்கரத்தின் நடுவில் உள்ள ஆக்சில் நட்டை முழு அளவுக்கு முறுக்கும் முன் அந்தச் சக்கரத்தில் காரின் எடையை ஏற்றக்கூடாது.

கேள்வி: மெதுவாகப் போகும்போது 'தப் தப் தப்' என்கிறது. வேகத்தோடு சேர்ந்து அதுவும் வேகமாகிறது.

இதைப் படிக்கும்போதே எழுந்து போய் வீல் நட்களைச் சோதியுங்கள். சூடாகி ஆறும்போது நட் தளர்வது உண்டு. டிராக் முடிந்து ரிம் ஆறியதும், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். கணக்கு வைத்துக்கொள்ளாமல் பலமாக மிதித்து முறுக்குவதும் ஆபத்துதான். நட் ஏறும் ஸ்டட் இழுபட்டுப் போகும்.

நட் சரியாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். பக்கச் சுவரில் 205/55 ஆர்16 என்று அளவு போட்ட டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 36 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 10 மீட்டர் போகிறது. அதாவது சக்கரம் நொடிக்கு 5 சுற்று. 'தப்' ஐந்து விழுந்தால் சத்தம் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது. பின்சக்கர இயக்கக் காரில் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் துடித்தால் இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள், அந்தச் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் ஷாஃப்ட் அந்த அளவு வேகமாகச் சுற்றுகிறது.

சக்கரக் கணக்கு பொருந்தினால், பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் பூட்டி வழுக்கியபோது டயரில் விழுந்த தட்டையான இடத்தைத் தேடுங்கள். நூல் தெரியாவிட்டாலும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் அந்த டயர் முடிந்தது. அடுத்த முறை பூட்டும்போதும் அதே இடம்தான் தரையில் நிற்கும். சூடான டயரோடு காரை இரவு முழுக்க நிறுத்தியதால் வந்த தட்டை என்றால், டயர் மீண்டும் சூடேறியதும் தானே போய்விடும்.

கேள்வி: ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 'டிக் டிக் டிக்'.

வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்றவைக்கும் மூட்டு. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருக்கும். நேராகப் போய் வேகமெடுக்கும்போது கார் உதறினால் உள்பக்க ஜாயின்ட்.

கேள்வி: பிரேக் மிதிக்காமலே 'கிர்ர்ர்' என்று தகரம் உரசுகிறது.

சரளையில் இறங்கினீர்களா? டிஸ்க்குக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவே ஒரு கல் மாட்டியிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, தகட்டை மெல்ல நெம்பினால் விழுந்துவிடும். அப்படியே பிரேக் பேடில் எவ்வளவு மிச்சம் என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்சக்கர இயக்கக் கார், கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். பார்க்கிங்கில் திருப்பும்போது பின்னால் 'கடகட' என்று உதறுகிறது.

ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றுவிடாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல் இது. அதன் எண்ணெய் சூட்டில் வீணாகியிருக்கும். உள்ளே உள்ள தகடுகள் வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுகின்றன. தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயையும், கேட்டிருந்தால் உராய்வுக் குறைப்பானையும் ஊற்றி, காலியான இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டுங்கள். தகடுகளுக்குள் எண்ணெய் இறங்கியதும் பெரும்பாலும் அடங்கும். ஆனால் 'ஈஈ' என்று ஊளையிட்டு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்றால் அது டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களும், அவற்றில் சிறியதான பினியனின் பேரிங்கும். அதை எண்ணெய் மாற்றித் தீர்க்க முடியாது.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸில் 'கறகற'. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது.

கிளட்சை மிதித்ததும், இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவது நிற்கிறது, சத்தமும் நிற்கிறது. அதனால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல்தான் சந்தேகம். மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். சில கார்களில் நியூட்ரலில் லேசான கடகடப்பு இயல்பு. டிராக்குக்கு முன்பே இருந்ததா என்று யோசியுங்கள். புதிதாக வந்தது என்றால் எண்ணெயை வடித்து, வடிகால் திருகின் காந்தத்தைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாக இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால், கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கும் வரை அந்தக் காரை டிராக்கில் இறக்காதீர்கள்.