பரணில் கிடைத்த பழைய மாயாவி காமிக்ஸைக் காயவைத்து, புதுப் பின் அடித்து விற்கலாமா?

கீழக்கரை வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே அப்பா சேர்த்த முத்து, லயன், ராணி காமிக்ஸ். பின்னெல்லாம் துரு, திறந்தால் பூஞ்சை வாடை. மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, ஈரத்துணியால் துடைத்து, பின்னை மாற்றி விற்றால் நல்ல விலை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்றையுமே செய்யாதீர்கள். வெயிலில் மை வெளிறும், மலிவுத் தாள் பழுப்பேறும். ஈரத்துணி பூஞ்சையைத் தாளுக்குள் தேய்த்துவிடும். பழைய பின்னைக் கையால் இழுத்தால் துருவோடு தாளும் சேர்ந்து வரும். நம் கரையில் பழைய காமிக்ஸின் விலை குறைவது பெரும்பாலும் பரணில் கிடந்த வருடங்களால் இல்லை, விற்பதற்கு முந்தைய வாரம் வீட்டில் நடக்கும் 'சுத்தம்' என்ற வேலையால்தான்.

'சென்னையில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று கீழே யாராவது எழுதுவார்கள். சென்னையிலும் கடல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொண்டி முதல் சாயல்குடி வரை கரையோரம் இருக்கும் வீடுகளில் கடல் காற்று கொண்டுவரும் உப்புத் தூள் ஜன்னல் கம்பி, பூட்டு, புத்தகப் பின் என்று எல்லாவற்றிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீராகக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். ஆகவே பின்னின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் எப்போதும் ஒட்டியிருக்கிறது. மழை பெய்யாத மாதத்திலும் துரு ஏறுவது இதனால்தான்.

முதல் வேலை பூச்சி. தாளில் சுரண்டியது போன்ற தடமும் மிளகுத்தூள் போன்ற எச்சமும் இருந்தால் ராமபாணப் பூச்சி. மண் தடம் இருந்தால் கரையான். அப்படியென்றால் பெட்டியைவிடச் சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ராமபாணத்துக்கு மருந்து அடிக்க வேண்டாம். புத்தகங்களை இரண்டு அடுக்கு பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் அறை அந்தக் குளிருக்குப் போகாது. கரண்ட் அடிக்கடி போகும் நாட்களில் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளில் நம் ஊர்க் காற்று வியர்த்து, உள்ளே தண்ணீராகவே இறங்கும்.

அடுத்தது உலர்த்துவது. பெரும்பாலோர் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். கணக்கைப் பாருங்கள். 75, 80 சதவீத ஈரக் காற்றில் கிடந்த மலிவுத் தாள் தன் எடையில் சுமார் 10 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 50 சதவீத ஈரத்தில் அது சுமார் 7 சதவீதம். ஐந்து கிலோ புத்தகம் என்றால் ஏறக்குறைய 150 கிராம் தண்ணீர் வெளியே வர வேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் கால் பங்குதான் உறிஞ்சும். அப்படியானால் 600 கிராம் ஜெல் வேண்டும், அல்லது 200 கிராமை மூன்று நான்கு முறை காயவைத்து மாற்ற வேண்டும். சின்னப் பொட்டலங்கள் அன்று மாலையே நிரம்பிவிடும்.

மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். புத்தகங்களை அடுக்கி அழுத்தாமல், நிற்க வைத்து இடைவெளி விடுங்கள். ஜெல்லைத் துணிப்பையில் கட்டி அடியில் வையுங்கள், தாளில் படக் கூடாது. ஆரஞ்சு நிற ஜெல் நல்லது. நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு பச்சையானால் மின்சார ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள். ஓவன் இல்லையென்றால் சமையலுக்கு இனி எடுக்காத இரும்புச் சட்டியில் சிறுதீ. தீ கூடினால் நிறம் கருகி ஜெல் வீணாகும்.

உள்ளே ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வையுங்கள். 45க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். 35க்குக் கீழே போனால் பழைய தாள் முதுகில் வெடிக்கும். மலிவு மீட்டர்கள் பத்துப் புள்ளி வரை தவறாகக் காட்டுவதுண்டு. பாட்டில் மூடியில் பாக்கெட் தூள் உப்பை ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு ஜிப் கவரில் ஓர் இரவு வைத்தால் சரியாக 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள். இதற்குக் கல்லுப்பு உதவாது, மேலே சொன்ன மக்னீசியம்தான் காரணம்.

நன்றாகக் காய்ந்த பிறகே பூஞ்சையில் கை வைக்க வேண்டும். ஈரப் பூஞ்சை அப்பும், காய்ந்தது தூளாக உதிரும். நிழலான வெளியிடத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு அங்குல மென்மையான பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுங்கள். மிஞ்சும் கறை போகாது. போகவைக்க முயலவும் வேண்டாம்.

இனி பின். துரு கம்பியின் மேல் மட்டும் இருந்தால் அப்படியே விடுங்கள். வாங்குகிறவர்கள் பழைய பின்னைத்தான் விரும்புகிறார்கள். தாளில் பழுப்பு வட்டம் பரவியிருந்தாலும் தாள் உறுதியாக இருக்கும்வரை விடலாம். துரு தாளைத் தின்று ஓட்டை விழத் தொடங்கியிருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மொட்டைக் கத்தி முனையால் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி, முதுகுப்பக்கமிருந்து நேராகத் தூக்குங்கள். கால் ஒடிந்தால் இழுக்காதீர்கள், இரண்டு துண்டாகவே எடுங்கள். அதே ஓட்டையில் வெள்ளைப் பருத்தி நூல் போதும். சாதாரண ஸ்டேப்ளர் பின் அடித்தால் நம் ஊரில் அதுவும் துருப்பிடித்து இரண்டாவது வட்டத்தைப் போடும். எண்ணெய், எலுமிச்சை, சோடா எதுவும் வேண்டாம். எண்ணெய்க் கறை அட்டையில் ஊடுருவிவிடும், அதை எடுக்க வழியில்லை. பழைய செல்லோ டேப்பையும் உரிக்காதீர்கள்.

அப்பா பல இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்திருந்தால் பிரிக்காதீர்கள். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டியிருப்பார், முதுகில் துளைத்துத் தைத்து மைதாப்பசை தடவியிருப்பார். பிரித்தால் ஒவ்வொன்றும் ஓரம் வெட்டிய, முதுகு கிழிந்த இதழ்தான். பைண்டாகவே விற்பதுதான் மேல் என்பது என் முடிவு. இதில் மாற்றுக் கருத்துள்ள சேகரிப்பாளர்கள் உண்டு, அவர்களோடு சண்டை இல்லை.

எங்கே வைப்பது? கடலைப் பார்த்த வெளிச்சுவர் ஆகாது, தரை ஆகாது, காங்கிரீட்டுக்கு அடியிலுள்ள பரண் நிச்சயம் ஆகாது. உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஓரடி உயரம். பாச்சா உருண்டை வேண்டாம், அந்த வாடை தாளை விட்டுப் போகவே போகாது. சுவர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியேதான். நம் பக்கம் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம் என்பதால் உவர் நீரில் கலவை போட்டுக் கட்டுகிற மேஸ்திரிகள் இருக்கிறார்கள். கட்டிய சில வருடங்களில் சுவரில் உப்புப் பூத்து, இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்கிறது. காசு வாங்கும்போது லாரித் தண்ணீர் என்று சொல்லி, வேலையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது அநியாயம். அந்தச் சுவரில் சாய்த்து வைத்த புத்தகம் என்ன ஜெல் போட்டாலும் தப்பாது. வீடு கட்டப்போகிறவர்கள் கலவைத் தண்ணீரை நாக்கில் வைத்தாவது பாருங்கள்.

விற்பனைக்கு வருகிறேன். முதலில் பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாள் இரண்டு இடத்தில் வரும். நடுப்பக்கத்தில் எதிரெதிரே உள்ள எண்கள் 32, 33 என்றால் கூட்டுத்தொகை 65. 9ஆம் பக்கம் கிழிந்திருந்தால் அதன் ஜோடி 56ஆம் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். கூப்பன் வெட்டியது, புதிர் நிரப்பியது, வாடகை நூலக முத்திரை, பேனாவில் எழுதிய பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முதல் பதிப்பா மறுபதிப்பா என்பது. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயனும் ராணியும் 1984. முத்துவும் லயனும் வெளிவந்த சிவகாசி 1985 வரை நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மாயாவி கதைகள் காமிக்ஸ் கிளாசிக்ஸ் போன்ற வரிசைகளில் திரும்ப வந்திருக்கின்றன. அதனால் அட்டைப்படத்தை நம்பாமல் இதழ் எண், விலை, உள்ளே அச்சான முகவரி மூன்றையும் பாருங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 15 ஆகஸ்ட் 1972இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது அச்சாகியிருந்தால் அந்த இதழ் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. இன்னொன்று: முத்துவின் மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறையும் லூயி கிராண்டேல், 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியவர். ராணி காமிக்ஸின் மாயாவி லீ ஃபாக் உருவாக்கிய முகமூடி வீரர் ஃபேன்டம், முத்துவில் வேதாளராக வந்தவர். விற்பனைக் குறிப்பில் வெறும் 'மாயாவி காமிக்ஸ்' என்று போட்டால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார்.

அமெரிக்க இதழ்களுக்கு உள்ள பத்து மதிப்பெண் தரத்தை நம் இதழ்களுக்குப் போடாதீர்கள். குறையை வார்த்தையில் எழுதுங்கள்: 'மேல் பின் துரு, நடுப்பக்கம் உண்டு, பின்னட்டை மூலை இல்லை'. ஃபிளாஷ் இல்லாமல், நிழல் வெளிச்சத்தில் முன்னட்டை, பின்னட்டை, முதுகு, இரண்டு பின், நடுப்பக்கம், விலை உள்ள பக்கம், மிக மோசமான இடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். யாரோ கேட்கும் விலை விலையே அல்ல, கைமாறிய விலைதான் கணக்கு. மொத்தமாக வாங்குகிறவர் தன் லாபத்தைக் கழித்துத்தான் தருவார். ஆகவே முழுமையான ஆரம்ப இதழ்களைத் தனித்தனியாகவும், பக்கம் குறைந்தவற்றை மட்டும் கட்டாகவும் கொடுங்கள். அப்பாவின் புத்தகத்தை விற்பதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பரணில் உப்பரித்து மக்குவதைவிடப் படிக்கிறவர் கைக்குப் போவது நல்லது.

அனுப்பும்போது மொடமொடவென்று சத்தமிடும் பாலிபுரோப்பிலீன் கவர்தான் போட வேண்டும். மென்மையாக, வாடையோடு ஒட்டுகிற பிவிசி வேண்டாம். கவருக்குள் விறைப்பான அட்டை ஒன்று. வெளியே நெளிவு அட்டை இரண்டு, ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருந்தால் மூலை மடங்காது. ரப்பர் பேண்டு போடாதீர்கள், டேப் கவரின் வாயில் படக் கூடாது. பிரிக்கும்போது புத்தகம் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் முழுவதையும் இன்னொரு பாலித்தீனில் ஒட்டி ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அனுப்பாதீர்கள். வாங்குகிறவர் அவசரப்பட்டாலும் தை பிறக்கட்டும் என்று சொல்லுங்கள்.