மும்பைக்கு வரும் ஓவியத் தங்கைக்கு

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு மும்பைக்கு வரவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பகுதியில் வாடகை குறைவு, எந்தக் கூடங்களில் படங்களைக் காட்டலாம், காவிரிக் கரையை வரைந்த உங்கள் படங்களுக்கு இங்கே மதிப்பிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வியைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை, ஏனென்றால் நானும் அதைச் சுமந்துகொண்டுதான் தாதரில் வந்து இறங்கினேன்.

காவிரியைக் கைவிட வேண்டாம், ஆனால் அதை விற்பனைச் சரக்காக்கி விடாதீர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் நம்மவர்கள் உங்களை அன்போடு வரவேற்பார்கள். புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு கோபுரம், ஒரு தேர், குடம் ஏந்திய ஒரு பெண் என்று வரைந்து தரச் சொல்வார்கள். அவர்கள் கேட்பது தங்கள் தாத்தா விட்டுவந்த ஊரை. பணத்தேவைக்கு ஒன்றிரண்டு வரைவதில் குற்றமில்லை. ஆனால் என்னோடு வந்த திறமைசாலிகள் சிலர் இன்றும் அதே கோபுரத்தையே வரைந்துகொண்டிருக்கிறார்கள். தாங்கள் குடியிருக்கும் தெருவை ஒருமுறைகூட அவர்கள் வரையவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

நம் வாழ்க்கை ஓவியத்துக்குள் வரும்போது கருப்பொருளாக வருவதற்கு முன் அளவாகவும் வண்ணமாகவும் வந்து சேர்கிறது. குர்லாவில், சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பில், நான்கு பெண்கள் தங்கிய அறையில் பெரிய கித்தானை விரிக்க இடமில்லை, விரித்து வரைந்தாலும் அதைக் கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் ஏற்ற முடியாது. எண்ணெய் வண்ணத்தின் வாடையும் உடனிருந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே மடியில் வைத்து வரையக்கூடிய சிறு தாள்களுக்கும் நீர்வண்ணத்துக்கும் மாறினேன். பெண்கள் பெட்டியில் நெரிசலுக்கிடையே முகங்கள் தெரியாது. கம்பியைப் பற்றிய கைகளும், வீட்டுக்குப் போனதும் சமைப்பதற்காக மடியில் கீரை ஆயும் கைகளும்தான் தெரியும். அந்தக் கைகளை வரைந்தேன், அந்தப் பெண்களிடமே மராத்தியும் கற்றேன். என் படங்களில் முகங்கள் இல்லாததைப் பிற்காலத்தில் சிலர் என் தனிப்பாணி என்றார்கள். அது அந்தப் பெட்டி எனக்குக் கொடுத்தது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகிக் குர்லாவுக்குள் புகுந்தபோது எங்கள் தரைத்தள அறையும் மூழ்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த காவிரிப் படங்கள் தகரப்பெட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காதோலை கருகமணி விட்டுப் புதுப்புனலை வணங்கி வளர்ந்தவள் நான். அதே ஆடி மாதத்தில் ஆற்றுநீர் சாக்கடையோடு கலந்து என் படுக்கைக்கு மேலே நின்றதை நெடுநாள் என்னால் ஏற்க முடியவில்லை. பிறகு சேறு படிந்த அந்தத் தாள்களின் மேலேயே மீண்டும் வரையத் தொடங்கினேன். சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடு இன்றுவரை என் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே ஓடுகிறது. மழைக்காலத்துக்கு முன் குடிசைக் கூரைகளில் விரிக்கும் தார்ப்பாயின் நீலம்தான் என் வானத்தின் நீலம். காவிரியும் மித்தியும் ஒரே தாளில் சேர்ந்த பிறகே என் காவிரிப் படங்கள் ஊர் நினைவு என்ற நிலையைக் கடந்தன. எனவே உங்கள் படங்களை அவசரப்பட்டு மும்பைக்கேற்ப மாற்றாதீர்கள், அவை இந்த ஊரில் நனையட்டும். தாள்களை மட்டும் உண்மையிலேயே நனைய விடாமல் உயரத்தில் வையுங்கள். மழை மாதங்களில் சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952இல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அழைப்பு வரும் வரை வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். அதன் வெளியே நடைபாதையில் படங்களை வைத்திருக்கும் ஓவியர்களோடு பேசுங்கள். இந்த நகரத்தில் யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். தனியார் கூடத்தில் படங்களை ஒப்படைக்கும்போது அளவு, விலை, திருப்பித் தரும் தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம் ஊர்க்காரர் ஒருவரே வாய்ச்சொல்லை நம்பச் சொல்லி என்னிடமிருந்து வாங்கிய வெள்ளப் படங்கள் இன்னும் எனக்குத் திரும்பவில்லை.