கீழ்வீட்டாருக்குப் பயந்து பால் கொடுத்த கதை

சகோதரி, அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார், நான்கு வாரக் குழந்தை இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எழுகிறது, பால் போதவில்லையா, கீழ்வீட்டார் புகார் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் கீழ்வீடு. ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினால்கூட முகம் சுளிப்பார்கள். ஆனால் கைக்குழந்தையின் அழுகை அந்தக் கணக்கில் வராது. இது தெரியாமல், சத்தம் கேட்டுவிடுமே என்று மூத்தவனைக் கூடத்துக்குத் தூக்கிப்போய் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். ஒருநாள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவன் என் கைக்கும் திண்டுக்கும் நடுவே வழுக்கிக் கிடந்தான். அவனுக்கு மூச்சு இருந்தது. எனக்குத்தான் போய்த் திரும்பியது. தூக்கம் சொக்கும்போது சோபா மட்டும் வேண்டவே வேண்டாம். தொட்டிலை உங்கள் கட்டிலை ஒட்டிப் போடுங்கள். குடித்து முடித்ததும் அதில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். போர்வைக்குப் பதில் குழந்தைக்கான தூக்கப்பை. அறை 18 டிகிரி இருந்தால் போதும்; குளிருமே என்று ஹீட்டரை ஏற்றிக் குல்லாயும் மாட்டிவிடாதீர்கள்.

இந்த வயதில் இரவில் அடிக்கடி எழுவது இயல்பு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். நாளுக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது. வீடியோவில் யாராவது சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். பூண்டுக் குழம்பு சாப்பிடச் சொன்னால் கேளுங்கள், சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

வீட்டுக்கு வரும் மருத்துவச்சியை, அதுதான் ஹெபாமேயை, எடை பார்ப்பவர் என்று நினைத்தே நான் முதல் பிரசவத்தை ஓட்டினேன். காம்பு வெடித்து ரத்தம் வந்தும் வெட்கத்தில் சொல்லவில்லை. இரண்டாவது முறைதான் வாய் திறந்தேன். காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தையும் பிள்ளை கவ்வ வேண்டும் என்று காட்டி, ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கவும் பழக்கினார். ஓரிரு நாளில் புண் ஆறத் தொடங்கியது. குழந்தைக்கு 12 வாரம் ஆகும்வரை அவர் வரும் செலவு அரசு மருத்துவக் காப்பீட்டில் அடங்கும். பிறகும் பால் கொடுக்கும் காலம்வரை சந்தேகம் கேட்கச் சில சந்திப்புகள் உண்டு. உங்கள் ஜெர்மன் போதாவிட்டாலும் கையால் காட்டினால் அவருக்குப் புரியும்.

கணவரால் பால் கொடுக்க முடியாதுதான். குழந்தையை ஏப்பம் விட வைக்கலாம், டயப்பர் மாற்றலாம், தொட்டிலில் கிடத்தலாம். அவரையும் எழுப்பிவிடுங்கள்.